சிவப்பு உறை, நீல உறை: ஃபார்மேட் போர் என்றால் என்ன?

2007 நவம்பர் 2, வெள்ளிக்கிழமை. அமெரிக்க வால்மார்ட் கடைகளில் எச்டி டிவிடி என்ற, டிவிடியைவிடத் தெளிவான படம் தரும் புது வகை டிஸ்க்கை ஓட்டும் தோஷிபாவின் எச்டி-ஏ2 பிளேயரை 98 டாலர் 87 சென்டுக்குப் போட்டார்கள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இதே தோஷிபாவின் முதல் எச்டி பிளேயர் 499 டாலர். ஐந்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தால் யார் விடுவார்கள்? போட்டிக் கடைகளும் அவசர அவசரமாக விலையை இறக்கின. அப்புறம் மூன்றரை மாதம்தான். 2008 பிப்ரவரி 15 அன்று, இந்த வகை பிளேயரையும் டிஸ்க்கையும் படிப்படியாக நிறுத்தப்போவதாக அதே வால்மார்ட் அறிவித்தது. அடுத்த நான்காவது நாள் தோஷிபாவே கையை விரித்தது.

நவம்பரில் முண்டியடித்து வாங்கியவரை ஏமாளி என்று சொல்ல முடியாது. அந்தப் பிளேயர் நன்றாகவே ஓடியது. படம் பளிச்சென்று இருந்தது. டிவிடியையும் போட்டுப் பார்க்கலாம். பழுது எதுவும் இல்லாத ஒரு பொருள் எப்படி ஒரே குளிர்காலத்தில் செல்லாக்காசு ஆனது? இதைப் புரிந்துகொண்டால் ஃபார்மேட் போர் என்ற விஷயம் மொத்தமும் புரிந்துவிடும்.

முதலில் சோப்பை எடுத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுக்காரர் என்ன சோப்பு போட்டுக் குளிக்கிறார் என்பது எனக்கு அவசியமில்லாத செய்தி. என் சோப்பு எனக்கு. வீடியோ பிளேயர் அப்படி இல்லை. நான் வாங்கிய பிளேயரையே இன்னும் பல லட்சம் பேர் வாங்கினால்தான் அதற்குப் படங்கள் வரும். படங்கள் வந்தால்தான் கடைக்காரர் இடம் ஒதுக்குவார். கடையில் இடம் இருந்தால்தான் அடுத்தவர் வாங்குவார். நான் தனியாக எவ்வளவு நல்ல பொருளை வாங்கினாலும், மற்றவர்கள் வேறு பக்கம் போய்விட்டால் என் பிளேயர் பெட்டியாகவே உட்கார்ந்திருக்கும். ஒரே வேலையைச் செய்கிற, ஆனால் ஒன்றின் டிஸ்க் இன்னொன்றில் ஓடாத இரண்டு பொருள்கள் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்து மோதுவதைத்தான் ஃபார்மேட் போர் என்கிறார்கள். இங்கே மோதியவை தோஷிபா அணியின் எச்டி டிவிடியும் சோனி அணியின் ப்ளூ-ரேயும்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1975-ல் சோனி பீட்டாமாக்ஸ் வீடியோ கேசட்டைக் கொண்டுவந்தது, 1976-ல் ஜேவிசி நிறுவனம் விஎச்எஸ்ஸைக் கொண்டுவந்தது. ஆரம்பத்தில் பீட்டா கேசட்டில் ஒரு மணி நேரம்தான் பதியலாம். விஎச்எஸ்ஸில் இரண்டு மணி நேரம், அதாவது ஒரு முழுப் படம். பத்துப் பன்னிரண்டு வருடம் இழுத்து, 1988-ல் சோனியே விஎச்எஸ் கருவி தயாரிக்க இறங்கி வந்தது. அந்தச் சூடு சோனிக்கு மறக்கவில்லை. 1990-களில் டிவிடி பிறக்கும்போதும் சோனி-பிலிப்ஸ் ஒரு பக்கம், தோஷிபா-டைம் வார்னர் இன்னொரு பக்கம் என்று அணி பிரிந்தார்கள். அப்போது கம்ப்யூட்டர் நிறுவனங்கள் தலையிட்டு, ரெண்டு பேரும் சமாதானமாகி ஒரே டிஸ்க்கோடு வந்தால்தான் ஆச்சு என்று பிடிவாதம் பிடித்ததால் 1995-ல் சமரசம் ஆனது. டிவிடி அவ்வளவு வேகமாக உலகம் முழுக்கப் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். அடுத்த தலைமுறை டிஸ்க்குக்கு அப்படி ஒரு பஞ்சாயத்து அமையவில்லை. 2005-ல் பேசிப் பார்த்தார்கள். விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதையாக முடிந்தது.

பேச்சு எதில் உடைந்தது? ஒரு மில்லிமீட்டரில் பாதி என்று சொன்னால் நம்புவீர்களா?

டிஸ்க் என்பது மிகச் சிறிய பள்ளங்களைச் சுருள் பாதையில் வரிசையாகப் பதித்த ஒரு பிளாஸ்டிக் தட்டு. லேசர் ஒளி அந்தப் பள்ளங்கள் மேல் ஓடிப் படிக்கிறது. ஒளியின் முனை எவ்வளவு கூர்மையோ அவ்வளவு நெருக்கமாகப் பள்ளங்களைப் பதிக்கலாம். தடித்த மார்க்கரால் ஒரு பக்கத்தில் பத்து வரிதான் எழுத முடியும், ஊசிமுனைப் பேனாவால் நாற்பது வரி எழுதலாம், அதே கணக்கு. டிவிடியின் சிவப்பு லேசருக்கு அலைநீளம் 650 நானோமீட்டர். புதிய டிஸ்க் இரண்டுமே 405 நானோமீட்டர் நீல-ஊதா லேசருக்கு மாறின. முனை கூர்மையாகிவிட்டது. டிவிடியில் ஒரு அடுக்கில் 4.7 ஜிபி. எச்டி டிவிடியில் 15 ஜிபி. ப்ளூ-ரேயில் 25 ஜிபி.

லேசர் ஒன்றுதான் என்றால் 15-க்கும் 25-க்கும் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? லென்ஸிலிருந்து. ப்ளூ-ரேயின் லென்ஸ் ஒளியை இன்னும் அகலமான கோணத்திலிருந்து குவித்து இன்னும் சின்னப் புள்ளியாக்குகிறது. ஆனால் அப்படிக் குவிக்கும்போது டிஸ்க் கொஞ்சம் சாய்ந்தாலும் புள்ளி கலங்கிவிடும். அதைச் சமாளிக்கத் தகவல் இருக்கும் அடுக்கை மேற்பரப்புக்கு மிக அருகே, 0.1 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கொண்டுவந்தார்கள். டிவிடியிலும் எச்டி டிவிடியிலும் அது 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில், நடுவே பத்திரமாக இருக்கிறது. அந்த அரை மில்லிமீட்டர்தான் சண்டையின் மையம்.

0.6 மில்லிமீட்டரிலேயே இருந்தால், டிவிடி அச்சடிக்கும் இயந்திரங்களைக் கொஞ்சம் மாற்றியே எச்டி டிவிடியும் அச்சடிக்கலாம், செலவு குறைவு. தோஷிபாவின் வாதம் அது. 0.1 மில்லிமீட்டர் என்றால் ஆலையில் புது இயந்திரம் வேண்டும், ஆனால் நிறைய இடம் கிடைக்கும். சோனி அணியின் வாதம் இது. இத்தனை மெல்லிய மூடியில் ஒரு கீறல் விழுந்தால் படம் போச்சு என்பதால், 2003-ல் ஜப்பானில் வந்த முதல் ப்ளூ-ரே ரெக்கார்டருக்கான டிஸ்க் ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள்தான் வந்தது. பிறகு டிடிகே நிறுவனம் கடினமான மேல்பூச்சு ஒன்றைக் கண்டுபிடித்ததும் கூடு தேவைப்படாமல் போனது. இன்றைக்கும் ப்ளூ-ரே டிஸ்க்கில் டிவிடியைப் போலச் சட்டென்று கீறல் விழாது. கையில் இருந்தால் சாய்த்துப் பாருங்கள், அந்தப் பக்கம் கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும்.

பார்க்கிறவருக்கு இதனால் என்ன வித்தியாசம்? உண்மையைச் சொன்னால், பெரிதாக ஒன்றும் இல்லை. அமெரிக்க டிவிடியின் படச்சட்டத்தில் சுமார் மூன்றரை லட்சம் புள்ளிகள். இந்த இரண்டிலும் 20 லட்சத்துக்கு மேல், ஏறக்குறைய ஆறு மடங்கு. இரண்டும் அதே 1080 வரிகள்தான். ப்ளூ-ரேயின் முதல் சில படங்கள் பழைய முறையில் சுருக்கப்பட்டதால் மங்கலாக இருந்தன என்று விமர்சகர்கள் கழுவி ஊற்றினார்கள். வலைப்பின்னல் வசதி, படத்துக்குள் படம் போன்றவற்றை எச்டி டிவிடி முதல் நாளிலிருந்தே எல்லாப் பிளேயரிலும் கட்டாயமாக்கியிருந்தது. ப்ளூ-ரே அதைத் தவணை முறையில் கொண்டுவந்து, முதலில் வாங்கியவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது. 'நல்ல தொழில்நுட்பம் ஜெயித்தது' என்று இந்தக் கதையை யாராவது சுருக்கிச் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள்.

தரத்தால் தீராத சண்டை எதனால் தீர்ந்தது? இங்கேதான் பத்திரிகையும் கடையும் வருகின்றன.

யார் ஜெயிப்பார் என்பதே வாங்குகிறவரின் ஒரே கேள்வி. அதனால் யார் ஜெயிக்கிறார் என்ற செய்தி வெறும் செய்தியாக இருப்பதில்லை. 'அது முந்துகிறது' என்று நாலு பேர் எழுதினால் ஐந்தாவது ஆள் அதை வாங்குவார், அதனால் அது உண்மையிலேயே முந்தும். தேர்தல் நேரத்தில் 'அலை வீசுகிறது' என்று சொல்லிச் சொல்லியே அலை உண்டாக்குவார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அதுதான். இரண்டு அணிகளும் இதைத் தெரிந்தே விளையாடின.

அமெரிக்காவில் நீல்சன் வீடியோஸ்கேன் என்ற கணக்கு, டிஸ்க் விற்பனையைத் தொகுத்துத் தந்தது. அதை வைத்து வீட்டு வீடியோத் துறையின் பத்திரிகைகள் ஒவ்வொரு வாரமும் ப்ளூ-ரே இத்தனை சதவீதம், எச்டி டிவிடி இத்தனை சதவீதம் என்று கிரிக்கெட் ஸ்கோர் போல வெளியிட்டன. 2007 முழுக்க பெரும்பாலும் இரண்டுக்கு ஒன்று என்று ப்ளூ-ரே முன்னால் இருந்தது. கேட்க ஒருதலைப்பட்சமான ஆட்டம் மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கணக்கில் வால்மார்ட் விற்பனை சேரவில்லை. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' போட்ட வாரத்தில் சதவீதம் ஒரே தாவாகத் தாவும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டையும் கூட்டினாலும் சாதாரண டிவிடி விற்பனைக்கு முன்னால் அது கொசுறு. 67-க்கு 33 என்ற ஸ்கோர் எந்த அளவு மைதானத்தில் அடிக்கப்பட்டது என்பதைத் தலைப்புச் செய்தி சொல்லாது.

பிளேயர் கணக்கில் வேடிக்கை இன்னும் அதிகம். 2006 நவம்பரில் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்குள்ளேயே ஒரு ப்ளூ-ரே பிளேயர் இருந்தது. மகனுக்கு விளையாட்டுக் கருவி வாங்கிக் கொடுத்த அப்பா, தனக்கே தெரியாமல் ப்ளூ-ரே அணியில் சேர்ந்துவிட்டார். சோனி அணி இதையும் சேர்த்து எண்ணியது. 'அதெல்லாம் கணக்கில் வராது, படம் பார்ப்பதற்கென்றே வாங்கிய பிளேயரை மட்டும் எண்ணுங்கள், நாங்கள்தான் முன்னால்' என்றது தோஷிபா அணி. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் எச்டி டிவிடி டிரைவ் உண்டு. ஆனால் அதைத் தனியாக 199 டாலர் கொடுத்து வாங்கிச் செருக வேண்டும். ஆக ஒரே வாரத்தில் இரண்டு அணிகளும் 'நாங்கள் முன்னணி' என்று அறிக்கை விடும், இரண்டு அறிக்கையும் அதனதன் கணக்கில் சரியாகவே இருக்கும். எதை எண்ணினார்கள் என்று கேட்காமல் அறிக்கையை அப்படியே போட்ட நிருபர்கள் இரு தரப்புக்கும் இலவச விளம்பரம் செய்தார்கள் என்றுதான் சொல்வேன்.

சரி, கடைக்கு வருவோம்.

ஒரு பெரிய அமெரிக்கக் கடையின் படப் பிரிவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் நீண்ட டிவிடி வரிசை. அதன் ஓரத்தில் கொஞ்சம் இடத்தில் நீல நிறக் கண்ணாடி உறையில் ப்ளூ-ரே படங்கள், அதற்குப் பக்கத்தில் சிவப்பு உறையில் எச்டி டிவிடி படங்கள். சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ் படங்கள் நீலத்தில் மட்டும். யுனிவர்சல் படம் சிவப்பில் மட்டும். வார்னர் படம் என்றால் இரண்டிலும். படம் ஒன்றுதான், உறை மட்டும் வேறு. கடைக்காரரின் பார்வையில் இது தலைவலி. ஒரே படத்துக்கு டிவிடி, நீலம், சிவப்பு என்று மூன்று சரக்கு. இரண்டுக்கும் தனித்தனி செயல்விளக்க டிவி. 'எதை வாங்கலாம்?' என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு ஊழியர் என்ன பதில் சொல்வார்? ஒன்றைச் சிபாரிசு செய்து அது தோற்றால் நாளைக்கு அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவார். 'பொறுத்துப் பாருங்களேன்' என்று சொன்னால் விற்பனை போச்சு. நிறையப் பேர் மதில் மேல் பூனையாகப் பழைய டிவிடியோடு காத்திருந்தார்கள். இரண்டு அணிகளுக்கும் உண்மையான எதிரி அந்தப் பூனைதான்.

2007 ஜூனில் முதல் பெரிய அடி விழுந்தது. வாடகைக்குப் படம் தரும் பிளாக்பஸ்டர், 250 கடைகளில் இரண்டு வகையையும் வைத்துப் பார்த்தது. எடுத்துப்போனதில் 70 சதவீதத்துக்கு மேல் ப்ளூ-ரே. உடனே புதிதாகச் சேர்க்கும் ஏறத்தாழ 1,450 கடைகளில் ப்ளூ-ரே மட்டும்தான் என்று அறிவித்தது. பழைய 250 கடைகளில் எச்டி டிவிடியும் தொடரும் என்று சேர்த்தே சொன்னது. செய்தியில் எது பெரிதாக வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த மாதம் டார்கெட் என்ற கடைச் சங்கிலி. ஆண்டு இறுதி விற்பனைக் காலத்தில் கடைக்குள் தனிப் பிளேயர் என்றால் சோனியின் ப்ளூ-ரே பிளேயர் மட்டும் வைப்போம் என்றது. வரிசை முடிகிற முனையில், நடந்து போகிறவர் கண்ணில் பட்டே தீரும் ஒரு அலமாரி இருக்கும் அல்லவா, அங்கே சோனியின் காட்சிமேடை. அது கடைக்காரரின் ஆசீர்வாதம் இல்லை. அந்த மாதிரி முனை இடத்தைப் பிடிக்க நிறுவனங்கள் செலவு செய்வது அங்கே வழக்கம். சிவப்பு உறைப் படங்களையும் எக்ஸ்பாக்ஸ் டிரைவையும் டார்கெட் தொடர்ந்து விற்றது. ஆனாலும் 'டார்கெட் ப்ளூ-ரே பக்கம் சாய்ந்தது' என்றே ஊர் பேசியது. காசு கொடுத்துப் பிடித்த இடம், பேச்சில் தீர்ப்பாக மாறிவிட்டது.

எச்டி டிவிடி அணியும் சும்மா இருக்கவில்லை. ஆகஸ்டில் பாராமவுண்ட், டிரீம்வொர்க்ஸ் அனிமேஷன் என்ற இரண்டு பட நிறுவனங்களும் ப்ளூ-ரேயைக் கைவிட்டு எச்டி டிவிடிக்கு மட்டும் என்று மாறின. இதற்குப் பின்னால் சுமார் 15 கோடி டாலர் மதிப்புள்ள சலுகைகள் இருந்ததாகச் செய்தி வெளியானது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய படங்களுக்கு மட்டும் விலக்கு. பாராமவுண்ட் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பட இயக்குநர் மைக்கேல் பே, தன் படம் ப்ளூ-ரேயில் வராது என்ற கோபத்தில் இணையத்தில் பொரிந்துதள்ளி, அடுத்த நாளே குரலைத் தணித்துக்கொண்டார். நவம்பரில் அந்த 98 டாலர் 87 சென்ட் விற்பனை. தரம், இடம் என்று பேசிக்கொண்டிருந்த எதிராளியை விலையால் அடித்துவிடலாம் என்பது தோஷிபாவின் கணக்கு. முதல் பிளேயரையே நஷ்டத்துக்குத்தான் விற்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அப்படியிருக்க இது எவ்வளவு நாள் தாங்கும்?

இந்த இடத்தில் பார்வையாளருக்கு இன்னொரு வழி கிடைத்திருக்க வேண்டும், கிடைத்தது, ஆனால் எடுபடவில்லை. 2007 ஜனவரியில் எல்ஜி, இரண்டையும் ஓட்டும் பிளேயரைக் காட்டியது. விலை 1,199 டாலர். இரண்டு பிளேயரைத் தனித்தனியாக வாங்கினாலே மலிவு என்ற நிலைமை சீக்கிரமே வந்தது. வார்னர் ஒரு பக்கம் ப்ளூ-ரே, மறுபக்கம் எச்டி டிவிடி என்று இருபக்க டிஸ்க் கொண்டுவருவதாகச் சொன்னது. அது கடைக்கு வரவே இல்லை.

அந்த வார்னர்தான் கடைசியில் தராசைச் சாய்த்தது. அமெரிக்க டிவிடி விற்பனையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அவர்களுடையது. 2008 ஜனவரி 4, வெள்ளிக்கிழமை, இனி எச்டி ரகத்தில் ப்ளூ-ரே மட்டும் என்று அறிவித்தார்கள். இரண்டு வகை இருப்பதால் வாடிக்கையாளர் குழம்பி வாங்காமல் நிற்கிறார் என்பது அவர்கள் சொன்ன காரணம். நேரத்தைக் கவனியுங்கள். மறுவாரம் லாஸ் வேகஸில் உலகின் மிகப் பெரிய மின்னணுப் பொருள் கண்காட்சி. ஞாயிற்றுக்கிழமை எச்டி டிவிடி அணியின் செய்தியாளர் கூட்டம் இருந்தது. ரத்து. உலகமெங்கும் இருந்து வந்து இறங்கிய நிருபர்களுக்கு எழுதுவதற்குக் கிடைத்தது அந்த ரத்துதான். ஓர் அறிக்கைக்கு இதைவிடப் பெரிய ஒலிபெருக்கி அமையாது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் சரிவு. தோஷிபா ஜனவரி நடுவில் விலையை இன்னும் குறைத்தது. பிப்ரவரி 3 அன்று, அமெரிக்காவின் மிக விலையுயர்ந்த விளம்பர நேரமான சூப்பர் பவுல் ஆட்டத்தின் நடுவே முப்பது விநாடி எச்டி டிவிடி விளம்பரம் போட்டது. பிப்ரவரி 11 அன்று நெட்ஃபிளிக்ஸ் ப்ளூ-ரே மட்டும் என்றது. அப்போது அது தபாலில் டிஸ்க் அனுப்பும் கம்பெனி. அதே நாள் பெஸ்ட் பை கடைகள் ப்ளூ-ரேயைச் சிபாரிசு செய்யப்போவதாகச் சொல்லின. 15-ம் தேதி, கிட்டத்தட்ட 4,000 கடைகளோடு வால்மார்ட். 19-ம் தேதி தோஷிபா. சூப்பர் பவுல் விளம்பரத்துக்கும் இதற்கும் இடையே பதினாறு நாள்.

வாங்கியவர்களுக்கு? பெஸ்ட் பை தன் கடையில் எச்டி டிவிடி பிளேயர் வாங்கியவர்களுக்கு 50 டாலர் பரிசு அட்டை கொடுத்தது. தோல்வியில் முடிந்த பொருளை விற்றதற்கு ஒரு கடை இப்படிப் பணம் கொடுப்பது அபூர்வம், அந்தப் பெருந்தன்மையைப் பாராட்டத்தான் வேண்டும், அந்த 50 டாலரோடு அவர் அடுத்த பிளேயரையும் அதே கடையில்தான் வாங்குவார் என்றாலும். 2009-ல் தோஷிபாவே ப்ளூ-ரே சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்து ப்ளூ-ரே பிளேயர் விற்றது.

என்னிடம் ஒரு சிவப்பு உறை இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் வீடு மாறும்போது கழித்துக் கொடுத்தது. ஒரு பக்கம் எச்டி டிவிடி, திருப்பிப் போட்டால் மறுபக்கம் சாதாரண டிவிடி. எச்டி டிவிடிக்கு மண்டலக் கட்டுப்பாடு கிடையாது, உலகின் எந்த நாட்டுப் பிளேயரிலும் ஓடும். அந்தப் பிளேயர்தான் எந்த நாட்டிலும் விற்பனையில் இல்லை. டிவிடி பக்கத்தை ஓட்ட வீட்டில் பிளேயர் இருக்கிறது. போட்டால், இது அமெரிக்காவின் 1-ம் மண்டல டிஸ்க், இந்தியாவுக்கான 5-ம் மண்டலப் பிளேயரில் ஓடாது என்று திரையில் வருகிறது.